டெபியனில் பயர்பாக்ஸ் அப்டேட்: புள்ளிக்கு முன்னும் பின்னும் கூட்டிப் பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் சித்தப்பாவுக்கு ஒரு போட்டோஸ்டேட் கடை. கல்யாண அட்டை, கருமாதிப் பத்திரிகை, கோவில் ரசீதுப் புத்தகம் என்று எல்லா அச்சு வேலையும் நடக்கும். கடை லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அந்த லேப்டாப்பை ஏற்கவில்லை. தூக்கிப் போட மனசு வராமல் என்னிடம் கொடுத்தார். நான் டெபியன் 13 என்ற லினக்ஸ் அமைப்பை, எக்ஸ்எப்சிஇ என்ற எளிய திரையோடு போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் சத்தமே இல்லை. நவம்பர் பாதியில் போன் வந்தது. "டேய், ஒரு வெப்சைட் உள்ளயே விட மாட்டேங்குது, பிரவுசர் பழசாம். உன் தங்கச்சி லேப்டாப்ல 145னு இருக்கு, என்னுதுல 140. பழசையா போட்டுக் குடுத்த?"

நியாயமான கேள்வி. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் மாதத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். அவருக்குப் போனில் படிப்படியாகச் சொன்னதைத்தான் கொஞ்சம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே, காதில் விழுகிறபடி தந்திருக்கிறேன். சித்தப்பாவும் அச்சுப் பிழையான ஒரு கல்யாண அட்டையின் பின்பக்கத்தில் இப்படித்தான் எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறார். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், அடிக்கும்போது மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதலில் அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பயர்பாக்ஸின் வலது மேல் மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அதை அழுத்தி, உதவி, அப்புறம் 'பயர்பாக்ஸ் பற்றி' என்று போங்கள். சிறிய பெட்டியில் பதிப்பு எண் தெரியும். சித்தப்பாவைப் படிக்கச் சொன்னேன். "நூத்தி நாப்பது புள்ளி அஞ்சு, பக்கத்துல இ எஸ் ஆர்" என்றார்.

அந்த மூன்று எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. மொசில்லா பயர்பாக்ஸை இரண்டு வழியில் வெளியிடுகிறது. ஒன்று சாதாரணப் பதிப்பு. நான்கு வாரத்துக்கு ஒன்று வரும், 143, 144, 145 என்று எண் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று இஎஸ்ஆர், நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் அதன் பெரிய எண் மாறும்: 2023இல் 115, 2024இல் 128, 2025 ஜூனில் 140. இடைப்பட்ட காலத்தில் புது வசதி எதுவும் சேராது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அதே நான்கு வாரக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் ஏறும்.

புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கூட்டிப் பாருங்கள். 140.5 என்றால் 140ம் 5ம் 145. தங்கையின் லேப்டாப்பில் இருந்த அதே எண். தற்செயல் இல்லை. 145உம் 140.5உம் ஒரே நாளில், 2025 நவம்பர் 11 அன்று வெளிவந்தவை. ஆக சித்தப்பாவின் பிரவுசர் பழசே இல்லை. தங்கையுடையதில் சில புது வசதிகள் கூடுதலாக இருந்தன, அவ்வளவுதான். 145இல் அடைத்த ஓட்டைகளில் 140 வரிசைக்கும் பொருந்துகிறவை 140.5இலும் அடைபட்டிருந்தன.

இந்தக் கூட்டல் உங்களிடமும் சரியாக வந்தால் கவலையை விடுங்கள். மொசில்லா வெளியிட்ட பிறகு டெபியன் தொகுத்து அனுப்பச் சில நாள் ஆகலாம், அதனால் ஒரு எண் பின்னால் இருந்தாலும் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம். மூன்று நான்கு எண் பின்தங்கியிருந்தால் அப்டேட் வரும் பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது. கீழே வருவது அதற்கான வைத்தியம்.

டெபியன் ஏன் இப்படி?

டெபியனின் நிலையான பதிப்பு வெளிவந்துவிட்டால் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண் பெரும்பாலும் மாறாது. டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9. அன்றைக்கு அதில் இருந்த அலுவலகத் தொகுப்பும் படம் திருத்தும் மென்பொருளும் கடைசிவரை ஏறத்தாழ அதே பதிப்புதான். ஓட்டை தெரிந்தால் புதுப் பதிப்பிலிருந்து அந்த ஒட்டுப்போடும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பழையதில் தைப்பார்கள். நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும் என்கிற கடைக்கு இது வரப்பிரசாதம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், கடை நிறைய ஆள் நிற்கும்போது பிரிண்டர் மெனு இடம் மாறிப் போவதில்லை.

பிரவுசருக்கு மட்டும் இந்தத் தையல் வேலை சரிப்படாது. நிரல் அவ்வளவு பெரிது, ஓட்டைகளும் மாதாமாதம் கூட்டமாக வருகின்றன. அதனால் டெபியன் தன் சட்டத்தைத் தானே தளர்த்திக்கொண்டு, மொசில்லாவின் இஎஸ்ஆரை அப்படியே முழுசாகத் தொகுத்து அனுப்புகிறது. கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசருக்கும் அதே சலுகை. டெபியன் 13 வந்தபோது அதில் 128 வரிசைதான் இருந்தது. அந்த வரிசைக்கு ஆதரவு முடிந்ததும் அதே டெபியன் 13க்கு 140 வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வரிசை மாறும் நாளில் மட்டும் மெனுவில் ஏதாவது புதிதாக முளைத்திருக்கும். பயந்துவிடாதீர்கள்.

பழைய டெபியன் ஆள்களிடம் பேசினால் 'ஐஸ்வீசல்' என்ற பெயர் காதில் விழும். வேறு பிரவுசர் இல்லை, பயர்பாக்ஸேதான். வணிகச் சின்னம் தொடர்பான தகராறில் 2006 முதல் 2016 வரை டெபியனில் அது அந்தப் பெயரில் இருந்தது.

அப்டேட் செய்யும் படிகள்

எக்ஸ்எப்சிஇ மெனுவில் டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

சூடோ ஆப்ட் அப்டேட்

மூன்று சொல், நடுவே இடைவெளி. சூடோ என்பது எஸ், யு, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். ஆப்ட் என்பது ஏ, பி, டி; டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கருவி. என்டர் தட்டியதும் கடவுச்சொல் கேட்கும்.

சித்தப்பா இங்கேயே நின்றுவிட்டார். "டேய், அடிக்கிறேன், ஒண்ணும் வர மாட்டேங்குது. கீபோர்டு செத்துப் போச்சுன்னு நினைக்கிறேன்."

"வராது சித்தப்பா. புள்ளிகூட தெரியாது. நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

"கண்ணு தெரியாம அடிக்கச் சொல்றியா?"

ஆமாம், அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக டெர்மினல் நட்சத்திரம்கூடக் காட்டாது. மூன்றாவது முயற்சியில் சரியாக விழுந்தது.

இந்த முதல் கட்டளை எதையும் நிறுவாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டெபியனின் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள்களை வைத்திருக்கும் சர்வரில், புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற பட்டியலை வாங்கி வருவதோடு சரி. சந்தைக்குப் போய் விலை விசாரித்து வருகிற மாதிரி. வாங்குவது அடுத்த கட்டளை:

சூடோ ஆப்ட் அப்கிரேடு

எவையெவை மாறப் போகின்றன, எத்தனை எம்பி இறங்கும் என்று காட்டிவிட்டுத் தொடரலாமா என்று கேட்கும். ஒய் அடித்து என்டர். பட்டியலில் 'பயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்' என்ற பெயர் தெரிந்தால் வந்த காரியம் முடிந்தது. பிரவுசரை மட்டும் தனியாக அப்டேட் செய்ய வழி உண்டு. நான் சொல்லித் தர மாட்டேன். நிலையான பதிப்பில் மற்ற மென்பொருள் பொதிகளுக்கு வருவதும் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம்தான், எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

டெபியன் 13இல் இந்தப் பட்டியல் நிறத்தோடு வரும். நிறுவப்படுபவை பச்சை, நீக்கப்படுபவை சிவப்பு. சிவப்பில் ஒரு பெயரைப் பார்த்தாலே கையை எடுத்துவிட்டு முழுசாகப் படியுங்கள். 'அப்கிரேடு' எதையும் நீக்காது. 'புல்-அப்கிரேடு' என்று அடித்தால்தான் நீக்கும் அதிகாரம் கிடைக்கிறது. அன்றாட வேலைக்கு அது தேவையில்லை.

முடிந்ததா? சரி, இப்போது பயர்பாக்ஸை முழுவதுமாக மூடித் திறங்கள். திறந்திருக்கும்போதே அடியில் கோப்புகள் மாறிவிட்டால், புது தாவலைத் திறக்கும் நேரத்தில் 'மறுதொடக்கம் தேவை' என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். பழுது இல்லை. ஆனால் வாடிக்கையாளர் பாதி படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது வந்தால் சங்கடம். அதனால் சித்தப்பா காலையில் ஷட்டரைத் தூக்கியதும் இந்த இரண்டு கட்டளையையும் அடித்துவிட்டுத்தான் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்துகிறார்.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு:

ஆப்ட் பாலிசி பயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்

இதற்குச் சூடோ வேண்டாம். 'இன்ஸ்டால்டு' என்ற வரியில் உங்களிடம் இருப்பதும், 'கேண்டிடேட்' என்ற வரியில் களஞ்சியத்தில் இருப்பதும் தெரியும். இரண்டும் ஒன்றானால் சுத்தம். எண்ணின் வாலில் 'டெப்13யு1' என்று ஏதோ தொங்கும். டெபியன் 13க்காகத் தொகுத்தது என்று பொருள்.

தடங்கல் வந்தால்

படிகள் என்னவோ எளிதுதான். நேரத்தைத் தின்பது இந்தத் தடங்கல்கள்தான்.

"உங்கள் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை" என்று டெர்மினல் முகத்தில் அடித்தாற்போல் சொல்லலாம். டெபியன் நிறுவும்போது ரூட் கடவுச்சொல், அதாவது நிர்வாகியின் கடவுச்சொல் என்று ஒன்று கேட்டிருக்கும். அதைக் காலியாக விட்டிருந்தால் உங்களுக்குச் சூடோ உரிமை தானாகக் கிடைத்திருக்கும். நிரப்பியிருந்தால் கிடைக்காது. இந்த இடத்தில் சறுக்காத புதியவரை நான் பார்த்ததில்லை. சரிசெய்ய, 'சு' என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு போட்டு என்டர் தட்டுங்கள். சு என்பது எஸ், யு. ரூட் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிறகு 'யூசர்மாட்', இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டிச் சிறிய ஏயும் பெரிய ஜியும், இடைவெளி, சூடோ, இடைவெளி, உங்கள் பயனர் பெயர். என்டர் தட்டி, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். சுவுக்குப் பின்னால் வரும் அந்தக் கோட்டை விட்டுவிட்டால் 'யூசர்மாட் என்று ஒரு கட்டளையே இல்லை' என்று கைவிரித்துவிடும். கோடு முக்கியம்.

இரண்டாவது, பூட்டு. 'டிபேக்கேஜ் பூட்டைப் பெற முடியவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் நாலு பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானே திறந்திருக்கும்.

மூன்றாவது ரொம்பப் பழைய லேப்டாப்களுக்கே உரியது. உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். களஞ்சியத்தின் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் மறுக்கும். பிரவுசரும் எல்லாத் தளத்திலும் சான்றிதழ் கோளாறு என்று கத்தும். கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், நேர மண்டலம் ஆசியாவில் கோலாலம்பூர். பேட்டரிக்குச் சில வெள்ளிதான் ஆகும், மாற்றிவிடுங்கள்.

நான்காவதுதான் மோசம், ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். நிறுவும்போது இணையம் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே எல்லாவற்றையும் போட்டிருந்தால், அப்டேட் எங்கிருந்து வாங்குவது என்ற பட்டியலில் டெபியனின் சர்வர் முகவரியே இல்லாமல் போயிருக்கலாம். கோப்பு மேலாளரில் 'கோப்பு அமைப்பு' என்பதைச் சொடுக்கி, 'இடிசி', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'சோர்சஸ்.லிஸ்ட்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். படிக்க மட்டும்தான், தவறுதலாக எதையும் மாற்றிவிட முடியாது. 'டெப்' என்று தொடங்கும் வரிகள் தெரியும். 'சிடிரோம்' என்ற சொல் உள்ள வரி இருந்தால் அதன் தலையில் ஒரு # குறி போட்டு முடக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, 'டிரிக்சி-செக்யூரிட்டி' என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். டிரிக்சி என்பது டெபியன் 13இன் செல்லப்பெயர், 12க்கு புக்வார்ம். பயர்பாக்ஸ் புதுப்பிப்பு வருவது அந்தச் செக்யூரிட்டி வரி வழியாக. அது இல்லாவிட்டால் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெபியன் தொகுத்து விடும் திருத்த வெளியீட்டில்தான் பிரவுசர் வந்து சேரும். அதுவரை 'எல்லாம் புதுசாக இருக்கிறது' என்று ஆப்ட் சத்தியம் செய்யும். டெபியனின் அதிகாரபூர்வப் பக்கத்தில் மாதிரி இருக்கிறது. அதை நகலெடுத்து, 'சூடோ நானோ' வழியாகத் (நானோ என்பது டெர்மினலிலேயே கோப்பைத் திருத்தும் கருவி) திறந்த அதே கோப்பில் ஒட்டி, கண்ட்ரோலும் ஓவும் அழுத்தி, என்டர் தட்டிச் சேமித்து, கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தி வெளியே வாருங்கள். பிறகு மீண்டும் அப்டேட், அப்கிரேடு.

அந்த வெப்சைட் உள்ளே விடாத கதை

சித்தப்பாவின் எண் சரியாக இருந்தும் அந்தத் தளம் ஏன் மறுத்தது? பல தளங்கள் பிரவுசரின் திறமையைச் சோதிப்பதில்லை, பெயரையும் எண்ணையும் மட்டும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பட்டியலை எழுதியவர் இஎஸ்ஆரை மறந்திருந்தால் நம் மேல் பழி. முதலில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து முயன்று பாருங்கள், பிரவுசரில் சேர்த்த நீட்சிகளின் தொல்லை இருந்தால் தெரிந்துவிடும். அதிலும் மறுத்தால் பயர்பாக்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டாவது பிரவுசராக டெபியனின் குரோமியத்தை வைத்துக்கொள்ளுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குரோமியம்

அந்தத் தளத்துக்கு மட்டும் அதைத் திறந்தால் போதும். அப்டேட்டும் அதே இரண்டு கட்டளையில் சேர்ந்து வந்துவிடும். சித்தப்பாவுக்கு வேலை இதிலேயே முடிந்தது. குரோம்தான் வேண்டும் என்பவர்கள் கூகுள் தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி நிறுவலாம். அது தன் களஞ்சியத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், பிறகு ஆப்ட் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'உங்கள் பயர்பாக்ஸ் காலாவதியாகிவிட்டது, இங்கே பதிவிறக்கவும்' என்று ஒரு இணையப் பக்கம் பெரிய பொத்தானோடு வந்தால் அது ஏமாற்று வேலை. டெபியனில் பயர்பாக்ஸ் அப்டேட் எந்த வெப்சைட் வழியாகவும் வராது. தாவலை மூடுங்கள்.

உண்மையிலேயே புதுப் பதிப்பு வேண்டும் என்றால்

வெப் வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்குச் சாதாரணப் பதிப்பு தேவைப்படலாம். அதற்கு நல்ல வழி இரண்டு, கெட்ட வழி ஒன்று. கெட்டதில் விழுந்து எழுந்தவன் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

டெபியனில் நிலையான பதிப்புக்குப் பக்கத்திலேயே 'சிட்' என்று நிலையற்ற பதிப்பு ஒன்று உண்டு. அதில் பயர்பாக்ஸின் புதுப் பதிப்பு இருக்கும். சில வருடங்களுக்கு முன் சோர்சஸ்.லிஸ்டில் சிட் வரியை ஒன்று சேர்த்தேன், பயர்பாக்ஸ் நிறுவினேன், ஜோராக ஓடியது. சேர்த்த வரியை நீக்க மறந்துவிட்டேன். மறுநாள் வழக்கம்போல அப்கிரேடு. ஆப்டைப் பொறுத்தவரை இரண்டு களஞ்சியமும் சமம், எதில் எண் பெரிதோ அதை எடுக்கும். அடிப்படை நூலகங்கள் உட்பட முழு அமைப்பும் சிட்டுக்குத் தாவத் தொடங்கியது. பாதியில் பயந்து கண்ட்ரோல்-சி அடித்தேன், அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். அடுத்த முறை போட்டபோது உள்நுழைவுத் திரையே வரவில்லை. இப்படி ஒட்டுப்போட்ட அமைப்புக்கு டெபியன் வட்டாரத்தில் 'பிராங்கன்டெபியன்' என்று பட்டப்பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மறுபடி நிறுவுவதில் போனது.

நல்ல வழியில் ஒன்று பிளாட்பாக். ஆப்டில் 'பிளாட்பாக்' என்ற பொதியை நிறுவி, பிளாட்ஹப் தளத்தின் டெபியன் பக்கத்திலுள்ள ஒரு வரியை ஒட்டி, லேப்டாப்பை அணைத்துப் போட்டுவிட்டுப் பயர்பாக்ஸை நிறுவலாம். அங்கே அதை வெளியிடுவது மொசில்லாவேதான். அமைப்பைத் தொடாமல் தனிப் பெட்டிக்குள் ஓடும் என்பதால் எதையும் உடைக்காது. முதல் முறை சில நூறு எம்பி இறங்கும், போன் டேட்டாவில் செய்யாதீர்கள். ஆப்ட் இதை அப்டேட் செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம். 'பிளாட்பாக் அப்டேட்' என்று தனியாக அடிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, புதுப் பதிப்பு ஆசையில் வந்தவர்கள் இஎஸ்ஆரைவிடப் பழையதை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று மொசில்லாவின் சொந்த ஆப்ட் களஞ்சியம், சாதாரணப் பதிப்பு 2024 தொடக்கத்திலிருந்து அதில் கிடைக்கிறது. கொஞ்சம் பழகியவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் பிறகு எல்லாம் அதே இரண்டு கட்டளையில் வந்துவிடும். மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் கட்டளைகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாமல், எது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். முதலில் ஒரு கோப்புறை உருவாகும். அதில் மொசில்லாவின் கையொப்பச் சாவி வந்து உட்காரும். வந்தது உண்மையான சாவிதானா என்று அதன் கைரேகையை ஒப்பிடும் வரி அடுத்தது. பலர் தாண்டிப் போவது இதைத்தான். 35 என்று தொடங்கும் நீண்ட எண்ணும் எழுத்தும், பக்கத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிறகு களஞ்சிய முகவரி சேரும். கடைசியில் 1000 என்ற எண்ணோடு ஒரு முன்னுரிமைக் கோப்பு, பயர்பாக்ஸ் என்றால் மொசில்லாவிடமிருந்தே எடு என்று ஆப்டுக்குச் சொல்வதற்காக. நான் சிட்டில் செய்யத் தவறியது இந்த மாதிரி முன்னுரிமையைத்தான்.

மொசில்லா தளத்திலிருந்து சுருக்கக் கோப்பை இறக்கி விரித்து ஓட்டுவதும் நடக்கும். மெனுவில் படம் வராது, கோப்புறையின் உரிமை உங்கள் பெயரில் இல்லாவிட்டால் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளவும் முடியாது. புதியவர்களுக்கு வேண்டாம்.

எந்த வழியில் புதுசைப் போட்டாலும் முதல் முறை திறக்கும்போது நெஞ்சு ஒரு நொடி நிற்கும். புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் எதுவும் இருக்காது. எங்கேயும் போய்விடவில்லை. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து பயர்பாக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி சுயவிவரம் வைக்கிறது. பழைய இஎஸ்ஆரைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். அங்கே புத்தகக்குறி மேலாளரில் ஏற்றுமதி செய்து இங்கே இறக்குமதி செய்யுங்கள், அல்லது மொசில்லா கணக்கில் ஒத்திசைவைப் போடுங்கள். பழைய சுயவிவரத்தையே புதுப் பதிப்பில் நேரடியாகத் திறப்பதை மட்டும் தவிருங்கள். ஒருமுறை புதுசில் திறந்துவிட்டால், பழைய பதிப்பு அதைத் திரும்ப ஏற்க மறுத்துப் புதுச் சுயவிவரம் உருவாக்கச் சொல்லும்.

அப்டேட்டைத் தள்ளிப்போட்டால்?

2025 மார்ச் 14 அன்று பயர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. சாதாரணப் பதிப்பில் 128க்கும் இஎஸ்ஆரில் 115.13க்கும் முந்தையவற்றில் நீட்சிகளும் பாதுகாக்கப்பட்ட வீடியோக்களும் சிக்கலுக்கு ஆளாகின. மாதாமாதம் அப்டேட் செய்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் வந்துபோனதே தெரியாது.

டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று வருடம் முழு ஆதரவு, மேலும் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவு, ஆக ஐந்து. அதற்குள் அடுத்த டெபியனுக்கு மாறிவிட வேண்டும். அதன் பிறகு ஆப்ட் எவ்வளவு அடித்தாலும் புது பயர்பாக்ஸ் வராது.

சில்லறை விஷயங்கள்

பயர்பாக்ஸ் மெனு தமிழில் வேண்டும் என்றால் 'பயர்பாக்ஸ்-இஎஸ்ஆர்-எல்10என்-டிஏ' என்ற பொதியை ஆப்டில் நிறுவுங்கள். பிரவுசர் அப்டேட் ஆகும்போது அதுவும் கூடவே ஆகும். சித்தப்பா தமிழ்99இல் தட்டச்சு செய்கிறவர், அதனால் ஐபஸும் எம்17என் பொதியும் போட்டுக் கொடுத்தேன். பெரிய எண் மாறிய பிறகு ஒருமுறை 'ஸ்ரீ' என்று அடித்துப் பார்த்துவிடுவார். கல்யாண அட்டைக்காரருக்கு அதுதானே முதல் எழுத்து.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. 22.04ஆம் பதிப்பு முதல் அங்கே பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது, தானே புதுப்பித்துக்கொள்ளும். பிரவுசரை மூடச் சொல்லி அறிவிப்பு வந்தால் மூடுங்கள், போதும். லினக்ஸ் மின்ட் என்றால் பணிப்பட்டையில் உள்ள கேடயப் படத்தைச் சொடுக்குங்கள்.

கடைசியாக, அலமாரியில் கிடக்கும் மிகப் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுக்கிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன் டெர்மினலில் 'யூநேம்', இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி எம் என்று அடித்துப் பாருங்கள். விடையில் 64 என்று இருந்தால் தொடரலாம். ஐ686 என்று வந்தால் அமைப்பு 32 பிட். டெபியன் 13இல் அதற்கு நிறுவியே இல்லை. பயர்பாக்ஸின் சாதாரணப் பதிப்பும் 145 முதல் 32 பிட் லினக்ஸுக்கு வருவதில்லை. சில்லு 64 பிட்டாக இருந்தும் யாரோ 32 பிட் அமைப்பைப் போட்டு வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. 'எல்எஸ்சிபியு' என்று அடித்தால் வரும் பட்டியலின் மேல்பகுதியில் 64 பிட் ஓடுமா என்று எழுதியிருக்கும். ஓடும் என்றால் 64 பிட் டெபியனைப் புதிதாக நிறுவிவிட்டு மேலே முதல் படிக்குப் போங்கள்.